பூனை நகமும் சோபா மூலையும்: ஒரு சோபா தைப்பவனின் யோசனைகள்

பழைய சோபாவுக்குத் துணி மாற்றிக் கொடுப்பது என் தொழில். வண்டியிலிருந்து இறக்கும்போதே அந்த வீட்டில் பூனை இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கைப்பிடியின் வெளிமூலையைப் பார்த்தால் போதும். உட்காரும் இடமும் சாயும் இடமும் நன்றாகவே இருக்கும். அந்த மூலையில் மட்டும் துணி நூல் நூலாகத் தொங்கும், உள்ளே இருக்கும் ஃபோம் எட்டிப் பார்க்கும். "அண்ணே, பூனை தொடாத துணியா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். ஆனால் துணியை மட்டும் மாற்றினால் அதே சோபா அதே மூலை கிழிந்து மறுபடி என்னிடமே வரும். தொழிலுக்கு நல்லதுதான் என்றாலும், பூனை மேல் கோபப்பட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பூனைக்காகவாவது இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. என் வீட்டிலும் மூன்று பூனைகள் உண்டு: கறுப்பி, ராணி, சிண்டு. மூன்றுக்கும் மூன்று விதமான பிறாண்டல் ருசி. சோபா முழுசாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூனை பிறாண்டுவதை நிறுத்த முடியாது. எங்கே பிறாண்டுகிறது என்பதை மாற்ற முடியும்.

பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்கிறது. வெளியே இருக்கும் பழைய அடுக்கு மழுங்கியதும் அதைக் கழற்றிப்போட்டால்தான் அடியில் இருக்கும் கூரான நகம் வெளியே வரும். எங்காவது நகத்தை மாட்டி இழுத்தால் அது கழன்று வரும். சோபா அடியில் கூட்டும்போது வளைந்த, உள்ளே வெற்றாக இருக்கும் சின்ன ஓடுகள் கிடைத்தால் நகம் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம், அது இந்தப் பழைய அடுக்குதான். இரண்டாவது காரணம் சோம்பல் முறிப்பது. தூங்கி எழுந்த பூனை முன்காலை உயரத் தூக்கி, நகத்தை எதிலாவது ஊன்றி, தோளையும் முதுகையும் இழுத்து நீட்டும். மூன்றாவது, அடையாளம். பூனையின் பாதத்தில் வாசனை சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டும்போது கண்ணுக்குத் தெரியும் கோடும் விழுகிறது, மூக்குக்குத் தெரியும் வாசனையும் படிகிறது. 'இது என் இடம்' என்று எழுதி வைப்பது அது. அதனால்தான் யாரும் போகாத மூலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து போகும் கூடத்தில், வாசலைப் பார்த்த மாதிரி இருக்கும் சோபாவைப் பிடிக்கிறது. பழிவாங்கல் எல்லாம் இல்லை.

சரி, அதற்காகத்தான் ஸ்க்ராட்சிங் போஸ்ட், அதாவது பூனை பிறாண்டுவதற்கென்றே விற்கும் கம்பம், வாங்கி வைத்தோமே, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று கேட்பீர்கள். நீங்கள் வாங்கியதை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். ஆடுகிறதா? முழங்கால் உயரம்தான் இருக்கிறதா? மேலே பொசுபொசுவென்று பொம்மைத் துணி சுற்றியிருக்கிறதா? ஜன்னல் பக்கம், யார் காலிலும் இடறாத மூலையில் வைத்திருக்கிறீர்களா? சோபாவோ, எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பூனை முழுதாக நீட்டி நிற்கும் அளவுக்கு உயரம். நகம் நன்றாக மாட்டும் நெசவு. வீட்டின் நட்ட நடுவில் இடம். கனம், உயரம், நெசவு, இடம், இந்த நான்கிலும் சோபா ஜெயிக்கிறது. இந்த நான்கிலும் சோபாவைத் தோற்கடிக்கிற ஒரு பொருளைப் பூனைக்குக் கொடுப்பதுதான் நம் வேலை.

கிழிசலைப் படியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் கிழிந்த இடத்தின் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். பூனைக்கு என்ன வேண்டும் என்பது அங்கேயே இருக்கிறது.

கீறல்கள் நிமிர்ந்த பரப்பில், மேலிருந்து கீழாக இருந்தால் அது நின்று பிறாண்டும் பூனை. தரைவிரிப்பிலும் மிதியடியிலும் நூல் பிரிந்திருந்தால் படுக்கைவாட்டில் பிறாண்டும் பூனை. அதற்கு எவ்வளவு நல்ல கம்பம் வைத்தாலும் சீந்தாது, தரையில் கிடக்கும் பலகையோ அட்டையோதான் வேண்டும். எங்கள் ராணி இந்த ரகம். சில பூனைகள் சாய்வான பரப்பைத் தேடும். மெத்தைச் சரிவு, சாய்த்து வைத்த பெட்டி என்று அவற்றின் கீறல்கள் இருக்கும். நின்று பிறாண்டும் பூனையாக இருந்தால் மிக உயரத்தில் இருக்கும் கீறலைத் தரையிலிருந்து அளந்து கொள்ளுங்கள். கம்பம் அதற்கு மேல் ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும்.

அடுத்து, எந்தப் பொருள். நூலை இழுத்து வளையம் வளையமாக விட்டிருக்கிறதா, கதவு நிலையில் மரத்தைச் சீவியிருக்கிறதா, அட்டைப் பெட்டியைத் துகளாக்கியிருக்கிறதா? மரத்தைச் சீவுகிற பூனைக்குப் பட்டை உரிக்காத ஒரு மரக்கட்டையே போதும்.

அப்புறம், எந்த நேரத்தில். தூங்கி எழுந்தவுடன் பிறாண்டினால் கம்பம் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வெளியே போய்த் திரும்பும்போது குஷியில் ஓடிவந்து பிறாண்டினால் வாசலுக்குப் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே வேறொரு பூனையைப் பார்த்துவிட்டுப் பிறாண்டினால் விஷயம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பாருங்கள். அடியில் தூசி விழாமல் இருக்க மெல்லிய கறுப்புத் துணி அடித்திருப்பார்கள். சில பூனைகள் சோபாவுக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்தத் துணியில் நகத்தை மாட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகும். சிண்டு குட்டியாக இருந்தபோது இதுதான் அதன் முழுநேர வேலை. அது விளையாட்டு, பிறாண்டலில் சேராது. ஆனால் துணி கிழிந்து உள்ளே ஏறிப் படுக்க ஆரம்பித்தால் ஸ்பிரிங்கில் கால் மாட்டும். அந்தத் துணியை எடுத்துவிட்டு நகம் மாட்டாத வழவழப்பான ஷீட் ஒன்றை இழுத்து அடித்துவிட்டால் தீர்ந்தது.

கம்பம் செய்வது

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் நல்ல உயரமும் கனமும் உள்ளது கிடைப்பது சிரமம், செய்வது சுலபம். 2016-இல் பூனை வளர்ப்போர் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இணையத்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், கயிறு சுற்றிய கம்பமும் மூன்றடிக்குக் குறையாத உயரமும்தான் பூனைகளிடம் அதிகம் எடுபட்டது தெரிந்தது. என் அனுபவமும் அதுவே.

நடுவில் நிற்கும் மரம் சுமார் 10 செ.மீ. பருமன், 90 செ.மீ. உயரம். உருண்டையாக இருந்தால் கயிறு ஒழுங்காக உட்காரும்; சதுர மரமாக இருந்தால் நான்கு முனைகளையும் இழைத்து மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கயிறு அந்த முனையில்தான் முதலில் அறும். அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், பக்கத்துக்கு 50 செ.மீ. பெரிய ஆண் பூனை என்றால் இன்னும் பெரிதாக வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கி நான்கு நீள திருகாணிகள் போட்டு மரத்தைப் பிடிக்க வேண்டும். ஒற்றைத் திருகாணி போட்டால் பூனை இழுக்க இழுக்கக் கம்பம் சுழலும். சுழலும் கம்பத்தைப் பூனை நம்பாது. முடித்ததும் நீங்களே மேல்நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். சாய வருகிறது என்றால் அடிப்பலகைக்கு மேல் இன்னொரு பலகை சேர்த்துக் கனம் கூட்டுங்கள், அல்லது ஒரு 'எல்' வடிவ இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். ஒரே ஒரு தடவை கம்பம் பூனை மேல் சாய்ந்தாலும் அப்புறம் அது அந்தப் பக்கமே போகாது.

கயிறு என்றால் சைசல், அதாவது கற்றாழை வகை நாரில் திரித்தது. 8 முதல் 10 மி.மீ. கனம். எண்ணெய் வாசனை அடிக்கும் கயிறு வேண்டாம். சில கயிறுகளில் திரிக்கும்போதே எண்ணெய் சேர்த்திருப்பார்கள், முகர்ந்து பார்த்தால் தெரியும். நைலான் வழுக்கும். சணல் மென்மையாக இருக்கும், சீக்கிரம் நைந்துவிடும். எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 10 செ.மீ. பருமனுள்ள மரத்தில் 10 மி.மீ. கயிற்றை 80 செ.மீ. உயரத்துக்கு நெருக்கிச் சுற்ற 28 மீட்டர் பிடிக்கும். 30 மீட்டராக வாங்கிவிடுங்கள். 8 மி.மீ. கயிறானால் 35 மீட்டர்.

சுற்றும்போது கீழிருந்து தொடங்குங்கள். மரத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பசை தடவி, கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டி முந்தைய சுற்றோடு ஒட்டவைக்க வேண்டும். பிறகு அடுத்த சாண். தண்ணீரில் கரையும் வெள்ளை மரப்பசையே போதும்; நெடி அடிக்கும் பசை தடவினால் பூனை நாள்கணக்கில் கிட்டே வராது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள், அதையும் கயிற்றுக்குள் புதையும்படி அடித்து இறக்குங்கள். விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலுக்கு இடறினால் பூனையின் நகமும் அதில் மாட்டும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், சைசல் உள்ளங்கையை அறுக்கும்.

சில பூனைகளுக்குக் கயிற்றைவிட, சைசல் நாரில் தரைவிரிப்பு போல நெய்த துணி பிடிக்கிறது. நகம் மேலிருந்து கீழ்வரை தடங்கல் இல்லாமல் இறங்கும் என்பதால் இருக்கலாம். வயதான பூனைகள் தரைவிரிப்புத் துணியை விரும்புவதும் உண்டு. எங்கள் கறுப்பி கிழவியாகி வருகிறாள். கயிற்றை விட்டுவிட்டு, வேலையில் மிஞ்சிய தரைவிரிப்புத் துண்டு ஒன்றைப் பலகையில் அடித்துச் சாய்த்து வைத்ததைத்தான் இப்போது பிடித்திருக்கிறாள். ஆனால் வீட்டில் கிடக்கும் தரைவிரிப்பையும் அதே ரகத்தில் வைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். எது தனக்கு, எது உங்களுக்கு என்று பூனைக்கு எப்படித் தெரியும்?

படுக்கைவாட்டுப் பூனைக்குச் செலவே இல்லை. அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையாக வெட்டி, உள்ளே வளைவு வளைவாக இருக்கும் ஓட்டைகள் மேலே தெரியும்படி நிமிர்த்தி நெருக்கி, ஒரு தட்டைப் பெட்டிக்குள் அடுக்கி இறுக்கிவிடுங்கள். பெட்டி நகராமல் இருக்க அடியில் ரப்பர் துண்டு. குப்பை உதிரும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கே வைப்பது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கம்பம் கிழிந்த மூலையை ஒட்டி நிற்க வேண்டும். பக்கத்து அறையில் இல்லை, எதிர்ச் சுவரில் இல்லை. சோபாக் கைப்பிடிக்கு முன்னால், பூனை வழக்கமாக வந்து நிற்கிற அதே இடத்தில். பார்க்க நன்றாக இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இருக்கட்டும்.

அதே சமயம் கிழிந்த மூலையைப் பூனைக்குப் பிடிக்காததாக ஆக்குங்கள். இருபுறமும் ஒட்டும் டேப்பை அகலமாக ஒட்டினால் பாதத்தில் பிசுபிசுக்கும், பூனைக்கு அது ஆகாது. ஒட்டுவதற்கு முன் சோபாவின் பின்பக்கத்தில் ஒரு துண்டை ஒட்டி உரித்துப் பாருங்கள், சில துணிகளில் பசை தங்கிவிடும். டேப் வேண்டாம் என்றால் கனமான, வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டை மூலையில் மடித்துப் பொருத்தலாம், அல்லது படுக்கை விரிப்பால் சோபாவை இறுக்கிப் போர்த்தி அடியில் செருகிவிடலாம். தொளதொளவென்று போர்த்தினால் அதையே பிறாண்டும். பழைய கீறலில் படிந்த வாசனை பூனையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும், ஆகவே போர்த்துவதற்கு முன் துணிக்கு ஏற்ற சோப்பு நீரில் துடைத்துக் காயவையுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மை. அதற்காக அந்த எண்ணெய்களைச் சோபாவில் தெளிக்காதீர்கள். செறிவான வாசனை எண்ணெய்களில் பலவும் பூனைக்கு நஞ்சு. டீ ட்ரீ எண்ணெய் ரொம்ப மோசம். பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, பாதத்தில் பட்டதைப் பூனை எப்படியும் நக்கும்.

கம்பத்தைப் பூனை ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்து, சோபா பக்கமே பல வாரங்கள் போகாமல் இருந்த பிறகு, கம்பத்தை உங்களுக்குத் தோதான இடத்துக்கு நகர்த்தலாம். ஒரு நாளைக்கு ஓரிரு அங்குலம். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தூக்கிப்போய் மாடிப்படி அடியில் வைத்தால் பூனை அங்கே வராது, கம்பம் இருந்த இடத்துக்கே போய்ச் சோபாவைப் பார்க்கும். டேப்பைக் கடைசியாக எடுங்கள்.

பழக்குவது

பூனையின் முன்காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பிடித்து வைப்பதே பூனைக்கு வெறுப்பு. அந்த வெறுப்பு கம்பத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் ஒரு குச்சியில் கயிறோ இறகோ கட்டிக் கம்பத்தைச் சுற்றி ஆட்டுங்கள், மெல்ல மேலே ஏற்றுங்கள். பிடிக்கத் தாவும்போது நகம் கயிற்றில் பதியும். பதிந்த அந்த உணர்வுதான் ஆசிரியர், நாம் இல்லை. பதிந்தவுடன், அந்த நொடியிலேயே, அதற்குப் பிடித்த தின்பண்டத்தில் ஒரு துளி. கொஞ்சம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது.

காய்ந்த கேட்னிப் இலை (பல பூனைகளைக் கிறங்க வைக்கும் புதினா வகைச் செடி) கிடைத்தால் கயிற்றில் தேய்த்து விடலாம். எல்லாப் பூனைக்கும் வேலை செய்யாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனைக்கு அது வெறும் சருகுதான், சின்னக் குட்டிகளும் கண்டுகொள்ளாது. சிண்டு அதில் புரண்டு எழுவான், ராணி தும்மிவிட்டுப் போய்விடுவாள்.

கத்துவது, தண்ணீர் பீய்ச்சுவது, தட்டுவது எல்லாம் வீண். பூனை தெரிந்துகொள்வது ஒன்றைத்தான்: இந்த ஆள் இருக்கும்போது பிறாண்டக் கூடாது. நீங்கள் தூங்கிய பிறகு பிறாண்டும். பயந்த பூனை இன்னும் அதிகமாக அடையாளம் வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோபாவில் கை வைப்பதைப் பார்த்தால் பேசாமல் போய் அந்தக் குச்சியை எடுத்துக் கம்பத்துப் பக்கம் ஆட்டுங்கள், போதும்.

நகம் வெட்டுவது

நகம் வெட்டினால் பிறாண்டுவது நிற்காது, சேதம் குறையும். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நுனியை எடுத்தால் போதும். வெளியே போய் மரமேறி வருகிற பூனைக்கு வெட்டாதீர்கள், அதற்கு நகம்தான் தப்பிக்கும் வழி.

முன்காலில் ஐந்து ஐந்து, பின்காலில் நான்கு நான்கு, ஆக 18 நகங்கள். சோபாவைக் கெடுப்பது முன்கால் நகங்கள்தான். பின்கால் நகத்தின் பழைய அடுக்கைப் பூனை பல்லால் கடித்தே எடுத்துக்கொள்ளும். ஓய்வாக இருக்கும்போது நகம் உள்ளே மடங்கியிருக்கும். விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது இரத்தக் குழாயும் நரம்பும் உள்ள உயிர்ப்பகுதி. அதைத் தொடாமல், அதற்கு இரண்டு மி.மீ. முன்னாலேயே, வளைந்த கூர்நுனியை மட்டும் வெட்டுங்கள். நகம் கறுப்பாக இருந்து உள்ளே தெரியவில்லை என்றால் கொக்கி போல் வளைந்த நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூனைக்கென்று விற்கும் கத்தரி நல்லது. மழுங்கியது நகத்தைப் பிளக்கும்.

வெட்டுவதற்கு முன்பே, சும்மா கொஞ்சும்போது பாதத்தைத் தொட்டு, ஒரு விரலை அழுத்தி, தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும் நேரம் பார்த்து உட்காருங்கள். எல்லா நகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ராணி இரண்டு விரல் வரை அனுமதிப்பாள், மூன்றாவதற்குக் காலை இழுத்துக்கொள்வாள், மிச்சம் நாளைக்கு. தவறி இரத்தம் வந்தால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) விரலில் எடுத்து நகநுனியில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். முன்காலின் உள்பக்கம் தரையில் படாமல் தனியாக இருக்கும் நகத்தை மறக்காதீர்கள். அது தேயாது, வயதான பூனைக்கு வளைந்து வளர்ந்து பாதச் சதையிலேயே குத்தி ஏறும்.

நகத்துக்கு மேல் பசை வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் உறைகளும் கிடைக்கின்றன. நகம் வளர வளர அவை நாலைந்து வாரத்தில் விழுந்துவிடும். ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் பூனை என்றால் நகம் வெட்டவும் இடம் கொடுக்குமே, பிறகு எதற்கு உறை என்பது என் கருத்து.

நகத்தை அறுவை செய்து எடுத்துவிடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், துணி மாற்றும் செலவைவிட ஒரேயடியாக முடிந்துவிடுமே என்று. நகத்தை மட்டும் பிடுங்கும் காரியம் அல்ல அது. நகம் கடைசி எலும்பிலிருந்து முளைப்பதால் அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்க வேண்டும், பத்து விரலிலும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நகம் எடுத்த 137 பூனைகளையும் நகமுள்ள 137 பூனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எடுத்தவற்றில் முதுகுவலியும், கடிக்கும் குணமும், கண்ட இடத்தில் மலஜலம் கழிப்பதும் அதிகம். 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை இதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் முதல் மாநிலமாக நியூயார்க் 2019-இல் தடை செய்தது. பிறாண்டுகிற பூனைக்குப் பதில் சோபாவில் மூத்திரம் பெய்கிற பூனை வேண்டுமா என்று கேட்டேன். ஃபோமில் இறங்கிய பூனை மூத்திரத்தை நான் எந்தத் துணி போட்டும் மறைக்க முடியாது.

ஒன்றுக்கு மேல் பூனை, பயந்த பூனை, கிழட்டுப் பூனை

இரண்டு பூனை இருந்தால் ஒரு கம்பம் போதாது. அவை பங்கு போட்டுக்கொள்வது போலத் தெரியும், ஆனால் பலமானது கம்பத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு மற்றதை வரவிடாமல் பார்த்தே விரட்டும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி இரண்டு இடங்களில் வையுங்கள்.

நல்ல பூனை திடீரென்று ஜன்னல் ஓரத்தையும் வாசல் கதவையும் பிறாண்ட ஆரம்பித்தால் வெளியே பாருங்கள். வேற்றுப் பூனை ஏதாவது வந்து போகும். ஜன்னலின் கீழ்ப்பாதியை மங்கலான காகிதம் ஒட்டி மறைத்தாலே பாதி அடங்கும். வீடு மாறுவது, புதுக் குழந்தை, புது நாற்காலி, இரைச்சல் எல்லாமே பூனையைக் கலங்க வைக்கும். கலங்கிய பூனை வீட்டில் தன் வாசனையைக் கூட்டப் பார்க்கும். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் குச்சி ஆட்டி ஓடவிட்டால் நிறைய வித்தியாசம் தெரியும். ஏறிப் படுக்க உயரமான இடமும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் இருக்கட்டும்.

வயதான பூனை பிறாண்டுவதைக் குறைத்தால் சோபா பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டாம். மூட்டுவலி இருந்தால் நின்று நீட்ட முடியாது. நகம் தடித்து, அடுக்கு கழலாமல் வளையும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறாண்டும் பலகையைச் சாய்வாகவோ தரையிலோ போடுங்கள், நகத்தை நீங்கள்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த தடவை துணி எடுக்கும்போது

இது என் துறை, கொஞ்சம் பேசவிடுங்கள். பூனை தொடாத துணி கிடையாது. பூனைக்குச் சலிக்கிற துணி உண்டு. தடித்த நூலில் இடைவெளி விட்டு நெய்த துணியும், மேலே வளையம் வளையமாக நூல் நிற்கும் துணியும் பூனை வீட்டுக்கு ஆகவே ஆகாது, நகம் மாட்டுவதற்கென்றே நெய்த மாதிரி இருக்கும். நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபரும், மயிர் குட்டையாக வெட்டிய வெல்வெட்டும் பரவாயில்லை. அவற்றில் இழுக்க வளையம் இல்லை, நகம் வழுக்கும். தோல் சோபாவைப் பூனை அவ்வளவாகத் தேடிப் போகாது, ஆனால் ஏறி இறங்கும்போது விழும் கீறலே போதும், தோலில் விழுந்தது போகாது. ரெக்ஸின் குத்துப்பட்ட இடத்திலிருந்து உரியத் தொடங்கும். ஓரங்களில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நகம் முதலில் பிடிப்பது அந்தத் தடிப்பைத்தான். கைப்பிடியின் முன்முகப்பைத் தனித் துண்டாகத் தைக்கச் சொன்னால் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். இழுபட்டு நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எக்காரணம் கொண்டும் கத்தரிக்காதீர்கள். ஊசியால் உள்பக்கம் இழுத்துவிடுங்கள், கத்தரித்தால் அங்கே ஓட்டை விழும்.

கம்பம் நைந்து நார் நாராகத் தொங்கும் நாள் வரும். பார்க்கச் சகிக்காமல் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வைக்கத் தோன்றும். பூனைக்கு அது இப்போதுதான் பழகிய, தன் வாசனை ஏறிய சொத்து. எறியாதீர்கள். மேல்பாதிக் கயிற்றை மட்டும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுங்கள், கீழ்ப்பாதி பழசாகவே இருக்கட்டும். புதிய பாதியில் நகம் பதிந்த பிறகு கீழ்ப்பாதியை மாற்றலாம். அவிழ்த்த பழைய கயிற்றில் ஒரு முழத்தைப் புதுக் கயிறு முடியும் இடத்தில் செருகி வைத்தால் இன்னும் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.